பட்டியலில் இல்லாத கப்பல்

துபாய், கராமா
அக்டோபர் 7, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயா எழுதுவது. நாங்கள் நலம். சம்யுக்தாவைத் தமிழில் பேசச் சொன்னால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அண்ணியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? டெல்லிக் குளிர் வருவதற்குள் டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கப்பல் புஜைரா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. ஞாயிறு காலை கிளம்பி, ஹோர்முஸ் ஜலசந்திக்குள் போய் எண்ணெய் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வர வேண்டும். போன மாதம் அங்கே இரண்டு கப்பல்களை ட்ரோன் அடித்தது உங்களுக்குத் தெரியாததா? விருப்பமில்லாதவர்கள் புஜைராவிலேயே இறங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி ஆளுக்கொரு ஃபாரம் கொடுத்திருக்கிறது. போவதா, இறங்குவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

"சீஃப் இன்ஜினியர் நானே இறங்கிட்டா மத்தவன் என்ன நினைப்பான்?" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. இன்ஜின் ரூமில் அவருக்குக் கீழே அழகுமலை என்று ஒருவர், சாயல்குடிக்காரர், கைக்குழந்தைக்குத் தகப்பன். "சார் என்ன பண்றாரோ, நானும் அதான்" என்று ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். இவரோ, நம் நேவி கூட வந்தால் போவேன், இல்லையென்றால் இறங்கிவிடுவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

எந்தக் கப்பலுக்குக் காவல் போவது என்று முடிவு செய்யும் குழுவில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். அவர் கப்பலோடு நம் நேவி வருமா, வராதா?

வாயைத் திறக்க மாட்டீர்கள் என்று தெரியும். நேவியில் இருந்த முப்பது வருஷமும் அப்படித்தானே. கெட்டது என்றால் நாலு வரி எழுதுவீர்கள், நல்லது என்றால் நாலு பக்கம். அம்மா கவரைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். இப்போது மெயில். திறந்து பார்த்தால் நானும் கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் தங்கை,
ஜெயலட்சுமி

---

புதுடெல்லி
அக்டோபர் 8

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

அண்ணன் ஆசிகள். அண்ணிக்கு முட்டிவலி பரவாயில்லை. ஒரு எண்ணெயைக் கண்டுபிடித்திருக்கிறாள். வீடு முழுக்க அதன் வாடைதான்.

இங்கே குழுவின் கூத்தை என்னவென்று சொல்வது? முப்படைகளையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று இருபது வருஷமாகப் பேசுகிறோம். போன வாரம் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்பதிலேயே அரை நாள் போய்விட்டது. விமானப்படைக்காரர் ஒருவர் தன் பெயர்ப்பலகையைத் தானே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். கேன்டீனில் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள். நான் மதுரைக்காரன் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், பலனில்லை.

வேலை மட்டும் கடுமை. நம்மிடம் இருக்கும் போர்க்கப்பல்கள் சில, அந்தக் கடலில் போகிற எண்ணெய்க் கப்பல்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் காவல் போனால் வேறெங்கும் ஆளிருக்காது. ஓரிடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். தேசநலன் என்று மேடையில் சொல்வது சுலபம். மேஜையில் அது யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற வேலையாகிவிடுகிறது.

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் என் தங்கை வீட்டுக்கு ஒரு நியாயம், ஊரார் வீட்டுக்கு ஒரு நியாயம் என்றாகிவிடும். கோபித்துக்கொள்ளாதே.

சம்யுக்தா வரைந்த படத்தை அனுப்பியிருந்தாயே, ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஒட்டகத்துக்கு ஐந்து கால் போட்டிருக்கிறாள். ஒன்று வாலாக இருக்கும் என்கிறாள் அண்ணி. பால்கனியில் கறிவேப்பிலைச் செடி ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன் பத்மநாபன்

---

துபாய்
அக்டோபர் 10, வெள்ளி

அன்புள்ள அண்ணனுக்கு,

கறிவேப்பிலை, சாம்பார், ஐந்து கால் ஒட்டகம்! மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை; இதைப் படித்த பிறகு தட்டுப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு இவ்வளவு நீளமாக எழுதினால் எனக்குப் புரியாதா?

அவருக்கு உடனே போன் செய்தேன். "மச்சான் இத்தனை எழுதியிருக்காரா? அப்ப சரி" என்று சிரித்தார். போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரைப் பார்த்து அழகுமலையும் போட்டுவிட்டார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நங்கூரம் எடுக்கிறார்கள்.

நான் புரிந்துகொண்டது தப்பு என்றால் மட்டும் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டாலும் மனம் மாறி இறங்குவதற்கு நாளை வரை நேரம் இருக்கிறது. சரி என்றால் பதிலே வேண்டாம்.

உங்கள் ஜெயா

---

புஜைரா
அக்டோபர் 18, சனி

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை கப்பல் அடிபட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவருக்கு இரண்டு கையிலும் தீக்காயம். விரல்கள் மடங்கும் என்கிறார் டாக்டர், நாளாகும். அழகுமலை இன்ஜின் ரூமிலிருந்து வெளியே வரவில்லை.

நம் போர்க்கப்பல் பதினெட்டு மைல் தள்ளி, நம் கொடி போட்ட கப்பல் ஒன்றுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்ததாம். அடிபட்ட பிறகு வந்தார்கள். தீயை அணைத்து இவரைத் தூக்கி வந்தவர்களும் அவர்கள்தான். அவர்களை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இவர்கள் கப்பல் பதிவானது வேறு நாட்டில், பறப்பது அந்த நாட்டுக் கொடி, அதனால் காவல் பட்டியலில் இல்லை என்று அதன் கேப்டன் சொன்னார். எண்ணெய் நமக்கு, ஆட்கள் இருபத்திரண்டு பேரும் நம்மவர்கள், கொடி மட்டும் இல்லை.

"மச்சானைத் திட்டாத. சொல்லக் கூடாதுன்னு அவர் தெளிவாத்தான் எழுதியிருக்காரு. நீளத்தை வச்சு நாமளா முடிவு பண்ணிக்கிட்டோம்" என்கிறார் இவர். சரிதான். அந்தத் தப்பு என்னுடையது. அதை அழகுமலையின் மனைவி சீதாலட்சுமியிடம் போனில் சொல்லிவிட்டேன்.

ஆனால் பத்தாம் தேதி ஒரு கடிதம் எழுதினேன். அதை எப்போது படித்தீர்கள்?

வெள்ளிக்கிழமை உடல் மதுரைக்கு வருகிறது. இவரை விட்டு நான் நகர முடியாது. நீங்கள் சாயல்குடிக்குப் போங்கள். அங்கே போய்த் தேசநலன் பேசாதீர்கள். எனக்கு எழுதுவதானால் உண்மையை எழுதுங்கள். அதற்கு நாலு வரி போதும்.

ஜெயலட்சுமி

---

சாயல்குடி
அக்டோபர் 25

ஜெயா,

உன் பத்தாம் தேதிக் கடிதத்தை அன்று மாலையே படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டேன்.

நம் கொடி போட்ட கப்பலுக்கு மட்டுமே காவல் என்ற விதியை எழுதியவனும் நான்தான்.

இரண்டையும் சீதாலட்சுமியிடம் சொன்னேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

உடல் வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் நாடு இந்தியா என்று எழுதியிருந்தது.

பத்மநாபன்