எட்டாம் லயம், நாலாம் நம்பர் வீடு

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. பதினொரு மணிக்கு மழை. வகுப்பில் இரண்டு இடத்தில் ஒழுக்கு, வாளி வைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை பெற்றோர் நாள். பிரின்சிபால் கொடுத்த தாள். எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை:

– தன் பெயர், அம்மா அப்பா பெயர், விலாசம். தடுமாறாமல்.
– இருபது வரை எண்ணுவது.
– ஷூவை இடம் வலம் மாற்றாமல் போடுவது.
– பெரியவர்கள் உட்காரச் சொன்ன இடத்தில் எழுந்திருக்காமல் இருப்பது.

கடைசி வரிக்கு எனக்கே டிக் விழாது.

சாயங்காலம் பள்ளி கேட்டில் செல்வி. ரித்திகாவின் அம்மா, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பவள். நனைந்த தலையோடு நின்றாள்.

"டீச்சர், எட்டாம் லயத்துல செவரு இடிஞ்சு போச்சுல்லா, எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டாவ. நாங்க இப்ப கீழ் டிவிசன்ல இருக்கோம். பிள்ளைக்குப் புது விலாசம் சொல்லிக்குடுங்க."

சரி என்றேன். மனதுக்குள் வேறு கணக்கு. பழைய விலாசத்தை ரித்திகா வாயில் ஏற்ற மூன்று வாரம் ஆனது. இப்போது மாற்றினால் மேடையில் இரண்டையும் குழப்பி அழுவாள். வெள்ளி முடியட்டும்.

சாக்பீஸ் தீர்ந்தது. கேட்க வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

ஒத்திகை. பதினாலு பிள்ளைகளில் ஒன்பது பேர் தேறினார்கள். ஒருவன் அப்பா பெயர் "அப்பா" என்றான். அதுவும் சரிதானே!

ரித்திகா ஒரே மூச்சில்: "மை நேம் இஸ் ரித்திகா. மை மதர்ஸ் நேம் இஸ் செல்வி. மை ஃபாதர்ஸ் நேம் இஸ் முருகன். ஐ லிவ் இன் மேல் டிவிஷன், எட்டாம் லயம், நாலாம் நம்பர் வீடு."

மணிக்கட்டில் சிவப்புப் பேனாவால் நட்சத்திரம் போட்டுவிட்டேன். சோறு தின்றுவிட்டுக் கை கழுவ மாட்டேன் என்று அடம், அழிந்துவிடுமாம். நடுவில் ஒருமுறை, "டீச்சர், ஆனா அங்க இப்ப யாரும் இல்லையே" என்றாள். "இப்போதைக்கு இதையே சொல்லு" என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நல்லபடியாக முடிந்தது. ரித்திகாவுக்குத்தான் பெரிய கைதட்டல். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை, வரவில்லை. பிரின்சிபால் தோளில் தட்டினார். இந்த வேலைக்கு வந்து ஏழு வருஷத்தில் இரண்டாவது தடவை. மனம் குளிர்ந்துதான் போனது, மறைப்பானேன்.

திங்களன்று புது விலாசம் தொடங்க வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய். காலை. பள்ளி விடுமுறை.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நேற்றுப் புது விலாசம் தொடங்கவில்லை. வண்ணக் காகிதம் கிழித்து ஒட்டினோம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். இதுதான் நான் செய்தது.

நேற்றுப் பள்ளி ஜீப் ஓட்டும் அண்ணனுக்குக் காய்ச்சல். ரித்திகாவைப் புது வீட்டில் இறக்கி வந்தவர் அவர்தான். பதிலாக ஆள் வந்தான், புதியவன், மலையாளி, தமிழ் தெரியாது. மற்ற பிள்ளைகளை வழியில் கூட்டிப்போக ஆட்கள் நின்றார்களாம். கடைசியாக ரித்திகா மட்டும். "மோளே, வீடெவிடெயா?" என்று வீடு எங்கே எனக் கேட்டிருக்கிறான். அவள் தடுமாறாமல் சொல்லியிருக்கிறாள். மிடுக்காகச் சொன்னாள் என்று போலீஸிடம் அவனே அழுதான்.

மேல் டிவிஷனில் இறக்கினான். இடிந்திருந்தது பின்பக்கம்; முன்னால் நாலாம் நம்பர் என்று கதவில் எழுதியிருந்தது. நல்ல மழை. வாசலில் உட்கார வைத்து, அம்மா வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சைகையில் காட்டிவிட்டுப் போய்விட்டான். லயம் முழுக்கக் காலி என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

எழுந்திருக்கவே இல்லை அவள்.

ஐந்தரை மணிக்கு மிச்சச் சுவரும் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிய தோட்டத்து வாட்ச்மேன்தான் மண்ணைத் தோண்டி எடுத்தார். உயிர் இருக்கிறது. இடது கால் நசுங்கிவிட்டது. கோட்டயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அக்டோபர் 15, புதன்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வாட்ச்மேன் போனில் சொன்னார்.

பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் போலீஸுக்குக் கொடுக்க டைப் அடித்த தாள். ரிஜிஸ்டரில் பழைய விலாசம்தான் இருக்கிறது, வீடு மாறியதாகப் பெற்றோர் யாரிடமும் தெரிவிக்கவில்லை என்று.

"ஆரும் பறஞ்ஞிட்டில்லல்லோ, டீச்சரே?"

யாரும் சொல்லவில்லையே என்கிறார். கேள்வி மாதிரி இல்லை. ஜன்னலில் மழை. நானும் ஒரு லயத்தில் பிறந்தவள்தான். என் அம்மா இப்படி ஒரு கேட்டில் நனைந்து நின்று ஏதாவது சொல்லியிருப்பாள். யார் காதில் போட்டுக்கொண்டிருப்பார்கள்?

கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 18, சனி

கோட்டயம். இரண்டு பஸ். ஆரஞ்சு வாங்கினேன், பிறகு எதற்கு வாங்கினோம் என்று இருந்தது.

வார்டு வாசலில் செல்வி. நான் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சத்தம் போடவில்லை. "நான் சொன்னேன்லா டீச்சர்? மழையில நின்னு சொன்னேன்லா?" என்று மட்டும் கேட்டாள். ஆரஞ்சுப் பையைக் கை மாற்றிக்கொண்டேன். வழிவிட்டாள், உள்ளே போனேன்.

கட்டிலுக்கடியில் ஒரு கவரில் ஷூ இரண்டும். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

ரித்திகா என்னைப் பார்த்ததும் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தாள். நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவளே ஆரம்பித்தாள். "மை நேம் இஸ் ரித்திகா." அம்மா பெயர். அப்பா பெயர். "ஐ லிவ் இன் மேல் டிவிஷன், எட்டாம் லயம், நாலாம் நம்பர் வீடு." ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"டிரைவர் மாமாட்டயும் இப்படித்தான் சொன்னேன். சரியாச் சொன்னேனா டீச்சர்?"

"சரியாத்தான் சொன்னே."

ஊசி குத்தாத கையை, மணிக்கட்டு மேலாகத் திருப்பி, நீட்டினாள். என் பையில் சிவப்புப் பேனா இருந்தது.