ஆரம்பாக்கம் போன கப்பல்

காலையில் கடலைப் புண்ணாக்கை ஊற வைத்தேன். தண்ணீர் பட்டதும் அந்த வாசனை எழும்பியது, நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். ஆட்டுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாயே. "இன்னாடி இது, மனுஷி தின்றதா?" என்று திட்டுவேன். "ஆடு தின்னு கொழுக்குது, நான் இன்னாக்கா பாவம் பண்ணேன்?" என்பாய். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்த பேத்தி ரேவதி நர்சுப் படிப்பை முடித்து, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அந்த உடுப்போடு நின்றால் மீன் கழுவின கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் தம்பியைப் படிப்பு முடிவதற்குள்ளேயே கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி பஸ்ஸே ரோட்டு முனைக்கு வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகிறது. சின்ன மகனுடைய பெண் பொன்னேரியில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கினாள். அதை டிவி மேல் வைத்திருக்கிறோம், உள்ளே பல்லி முட்டையிட்டிருக்கிறது. உன் பேரன் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. தமிழ்தான் அவனைக் காலை வாரிவிட்டதாம். நான் ஐந்தாவதோடு நின்றவள், நீ அதற்கும் போகாதவள். நம் இரண்டு பேர் வயிற்றிலிருந்து வந்ததுகள் இவ்வளவு தூரம் போயிருக்கிறதுகள் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு வந்த கடுதாசிகளை நான்தானே படித்துக் காட்டுவேன். இதையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன்.

இத்தனையையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், கப்பல் எப்படிக் கீது?" என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அந்த ஆடு இப்போது என்னிடம் இல்லை.

களைப்பாக இருக்கிறது, அதனால் மெதுவாகத்தான் சொல்ல வரும். நீ இருந்தபோது பட்டியைப் பெருக்க ஒருத்தி, தழை ஒடிக்க ஒருத்தி என்று இருந்தோம். கடல் ஏறுகிற ஏரித் தண்ணீர் உப்பு, அதனால் ஆடு குடிக்கவும் குழாயிலிருந்துதான் குடம் தூக்க வேண்டும். இப்போது எல்லாம் நான்தான். குட்டிகளை ஊட்ட விட்டுப் பிரித்துக் கட்டி, புழுக்கையை அள்ளி ஒரு மூலையில் கொட்டி, குளம்பு புண்ணான கிடாவுக்கு வேப்பெண்ணெய் தடவி நிமிர்ந்தால், முட்டி இரண்டும் மடங்க மாட்டேன் என்கிறது. அதற்குப் பிறகுதான் மேய்ச்சல்.

மேய்ச்சல் ஓடைக்கு அந்தப் பக்கத்துத் திட்டில். முகத்துவாரம் திறந்து கடல் ஏறும் நாட்களில் காலையில் முழங்கால் தண்ணீராக இருப்பது, சாயங்காலத்துக்குள் இடுப்புக்கு வந்துவிடும். ஆடு தண்ணீரைக் கண்டால் நின்றுவிடும். ஒன்று முன்னால் இறங்கினால்தான் மற்றது இறங்கும். அப்படி இறங்குகிற ஆடு நம் இரண்டு பேர் ஆட்டிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனால்தான் அந்தச் செவலைப் பெட்டைக்குக் கப்பல் என்று பேர் வைத்தாய்.

அதைக் குட்டியில் தோளில் போட்டுத்தான் ஓடையைத் தாண்டுவாய். ஒரு நாள் நட்ட நடு ஓடையில் இறக்கிவிட்டுவிட்டு நீ பாட்டுக்கு நடந்தாய். நான் கரையிலிருந்து கத்தினேன். அது மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு, தும்மிக்கொண்டே உன் பின்னால் வந்து சேர்ந்தது. "திரும்பிப் பாத்தா அது நின்னுடும்க்கா. பாக்காம போனாத்தான் வரும்" என்றாய். உன் மனசு கல்லு என்று அன்றைக்கு உன்னோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து நம் ஆடுகள் அத்தனையும் அதன் பின்னால் ஓடை தாண்டின.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வாசலுக்கு வந்தோம். அவர்கள் இறாலுக்கும் நண்டுக்கும் போனார்கள், நாம் ஆட்டுக்குப் போனோம். ஒரே பட்டி. எது யாருடையது என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். "காதுல ஒரு வெட்டு போட்டு வச்சா அடையாளமா இருக்கும்" என்று ஒரு தடவை சொன்னேன். சிரித்தாய். "இன்னாத்துக்குக்கா? நான் உன் ஆட்டைத் தூக்கிக்கினு ஓடிடுவேன்னா?"

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறும்போதுகூட, "குட்டியை நனைய விட்டுடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மகள் செல்வி பட்டிக்கு வந்தாள். "பெரிம்மா, எங்கம்மா ஆட்ட நான் கொண்டுபோயி வச்சிக்கறேன். எதெதுன்னு நீங்களே காட்டுங்க. எனக்கு இன்னா தெரியும்" என்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஐந்து ஆடுகளைக் காட்டினேன். ஐந்தும் உன்னுடையதுதான், அதில் பொய் இல்லை. ஆறாவதாகக் கப்பல் நின்றுகொண்டு அவள் கைப்பையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இது?" என்றாள்.

"அது என்னுது" என்றேன்.

வெளியே மழை. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். அது போய்விட்டால் என் ஆறு ஆடும் கரையைத் தாண்டாது, பட்டியை மூடிவிட்டு மகன் வீட்டு மாடியில் போய் உட்கார வேண்டியதுதான் என்று அந்த ஒரு நொடியில் தோன்றிவிட்டது. பசங்களெல்லாம் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும்போது நான் மட்டும் ஒரு மூலையில் சோற்றுக்கு உட்காருவதா என்கிற வீம்பு. இப்படிக் காரணம் சொல்கிறேனே தவிர, எடுத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

குட்டியானை வண்டியில் ஐந்தையும் ஏற்றினார்கள். வண்டி கிளம்பியதும் கப்பல் கயிற்றை அறுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் கத்திக்கொண்டே ஓடியது. செல்வி தலையை வெளியே நீட்டி, "பாவம், கூட்டாளிங்கள விட்டுட்டுக் கத்துது. புடிச்சிக்கோங்க பெரிம்மா" என்றாள். பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் செல்வி ஆரம்பாக்கத்திலிருந்து போன் செய்தாள். "பெரிம்மா, ஒண்ணுகூட வெளிய போவ மாட்டேங்குது. படலைத் தெறந்தா படலண்டயே நின்னுக்குனு கத்துதுங்க. ஆறு மாசமா தழை ஒடிச்சிப் போட்டு என் முதுகே போச்சி. அவரு வித்துத் தொலைங்கறாரு. சனிக்கெழமை யாவாரி வராரு."

"பொறுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதுகள் எதற்காக நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். முன்னால் போக வேண்டியது இங்கே என் பட்டியில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவளுக்குத் தாய் வீட்டிலிருந்து கிடைத்தது அந்த ஐந்து ஆடுதான். அதுவும் சனிக்கிழமை கத்திக்குப் போகப்போகிறது. வெள்ளிக்கிழமை நானே போன் செய்தேன்.

"செல்வி, யாவாரிய வர வேணாம்னு சொல்லு. கப்பல் என்னுது இல்ல. உங்கம்மாளுது."

போனில் அவளுக்குப் பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது.

"தெரியாம சொல்லிட்டீங்களா பெரிம்மா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

"அன்னிக்கி அது வண்டி பின்னாலயே ஓடியாந்துச்சே" என்றாள். பிறகு, "வண்டி அனுப்பறேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது, அவள் வரவில்லை. கப்பல் சினையாக இருக்கிறது, வயிறு சரிந்துவிட்டது. நானும் டிரைவரும் மெதுவாகத் தூக்கி வைக்கோல் மேல் நிற்க வைத்தோம். இந்தத் தடவை அது கத்தவில்லை. நாலாம் நாள் செல்வியிடமிருந்து போன். "அஞ்சும் அது பின்னாலயே போயிடிச்சி" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் வைத்துவிட்டாள். இந்த வீட்டில் பிறந்த பெண் அப்படி வைத்தது இதுதான் முதல் தடவை.

இப்போது ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். அதற்கே என் ஆறும் கரையில் நின்று முகத்தைப் பார்க்கின்றன. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்தான் முன்னால் இறங்குகிறேன். "எப்பாடி, ஆயாவே ஆடாயிடிச்சி" என்று வலை உதறுகிற பையன்கள் சிரிக்கிறார்கள். நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் நடுவில் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். உடனே நின்றுவிடுகின்றன. மறுபடியும் கரைக்கு வந்து முதலிலிருந்து தொடங்குகிறேன். நேற்று ஒன்று வந்தது, வயதான கறுப்பி. ஐப்பசிக்குள் மற்றது பழகினால் பட்டி இருக்கும். பழகாவிட்டால் மாடிதான். உன்னிடமிருந்து எடுத்ததில் ஆட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அது என்னுது" என்ற சொல்லை யாரிடம் கொடுப்பது? அதைச் சுமந்துகொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறேன்.

உன் மகள் இனி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவாளோ தெரியாது. நான் கேட்டால் செய்ய மாட்டாள், நீ சொன்னால் தட்ட மாட்டாள். எப்போதாவது அவள் கனவுக்குப் போனால் எனக்காக ஒன்று கேள். கப்பல் குட்டி போட்டதும், தாயும் குட்டியுமாகச் செல்வி பக்கத்தில் நின்று ஒரு படம் எடுக்கட்டும். என் போனில் படமெல்லாம் வராது. கடையில் கொடுத்துக் காகிதத்தில் எடுத்து, தபாலில் போடச் சொல்லு.