வராத மஞ்சள்

இன்று காலை ஓசூரில் பல் பிடுங்கிய குழியில் மருத்துவர் மஞ்சள் மருந்து தோய்த்த துணியை அடைத்தார். அயோடோஃபார்ம். வாடை ஏறியதும் உன் முகம்தான் வந்தது. நீ செத்து ஒரு மாதமாகிறது. நான் இன்னும் அழவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் பள்ளி இறுதி வகுப்பு படித்தோம். வேதியியல் அறையில் உனக்கும் எனக்கும் ஒரே மேசை. ஆல்கஹால் எல்லாவற்றுக்கும் ஓ.ஹெச். என்ற வால் உண்டு, அந்த வினைச்செயல் தொகுதிதான் அவற்றை ஒரு குடும்பமாக்குகிறது என்று ஆசிரியர் சொல்வார். ஆனால் மீத்தைலில் ஒரு கார்பன், எத்திலில் இரண்டு. அயோடினும் காஸ்டிக் சோடாவும் விட்டு இளஞ்சூடு காட்டினால் எத்திலில் அயோடோஃபார்ம் மஞ்சளாகப் படியும், ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். மீத்தைலில் ஒன்றும் நடக்காது.

கல்லூரிக்குப் பள்ளி ஒரே ஒருவரைத்தான் பரிந்துரைக்கும். நீயும் நானும் சரிசமமாக நின்றோம். எங்களில் யார் என்று முடிவு செய்யச் செய்முறைத் தேர்வுதான் மிச்சம்: தந்த சோதனைக்குழாயில் இருப்பது எந்த ஆல்கஹால் என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று முறை செய்தேன், மஞ்சள் வரவில்லை. சாலிசிலிக் அமிலமும் இரண்டு சொட்டுக் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கினேன். வலித் தைலத்தின் மணம் வந்தது. ‘மீத்தைல்’ என்று எழுதினேன். நீ ஸ்பிரிட் விளக்கையே பற்றவைக்கவில்லை. ‘மஞ்சள் படிகங்கள் தோன்றின. எத்தில்’ என்று எழுதினாய்.

“என் கையால எத்தில் பாட்டில்லருந்து ஊத்துனேன். மூக்குல சளியாடா உனக்கு?” என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது.

“அந்தப் பாட்டில ஒரு தடவ சோதிச்சுப் பாருங்க சார்.”

“எனக்கே பாடம் நடத்துறியா?”

மறுநாள் அந்தக் குப்பி தரையில் நொறுங்கிக் கிடந்தது. “கை தவறிடுச்சு சார்” என்றாய். அலமாரிச் சாவி வகுப்புத் தலைவனான உன்னிடம்தான் இருந்தது.

நீ கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று, கிருஷ்ணகிரியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நீயே சொன்னாய்.

“ஏன்டா இன்னும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? பாகலூர் தாண்டி மைசூர் எல்லைக்குள்ள போய்க் குடிச்சிட்டு வந்தா, இங்க மதுவிலக்குன்னு போலீஸ் வாய ஊதச் சொல்றான்னு எங்க மாமன் பொலம்புனாரு. எத்தில் பூரா அவரு வயித்துக்குப் போயிடுச்சு. பாட்டில் காலியா இருக்கக் கூடாதேன்னு மீத்தைல ஊத்தி வெச்சேன். ரெண்டுக்கும் வால் ஒண்ணுதானே!”

“தெரிஞ்சும் எத்தில்னு எழுதுனியா?”

“வாத்தியார் மனசுல இருக்கறத எழுதணும்டா. நீ கொழாயில இருக்கறத எழுதிட்டே. பொழைக்கத் தெரியாதவன்.”

பஸ் வந்தது. சன்னலிலிருந்து கையசைத்தாய்.

நீ வேதியியல் பேராசிரியரானாய். நான் செய்தியாளனானேன்; எரிந்த குடிசையையும் உடைந்த ஏரிக்கரையையும் இருந்தது இருந்தபடி எழுதினேன். உன்னைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அது பெருந்தன்மை அல்ல. ஒரே ஒரு சாட்சி, அதுவும் பாதிக்கப்பட்டவன். அதை வைத்து நான் எவரைப் பற்றியும் செய்தி எழுதியதில்லை. காத்திருந்தேன்.

போன வாரம் உன் மகன் வீட்டுக்கு வந்தான். “மாமா, அப்பாகூடப் படிச்சவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. சமாதிக் கல்லுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

உடனே எழுதினேன். பல வருடங்களாகத் தயாராக இருந்த வரி அது.

‘எந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்பதைச் சோதிக்காமலே சொல்லிவிடக்கூடியவர்.’

வாசித்ததும் அவன் கண் கலங்கியது. “எவ்ளோ சரியா சொல்லிட்டீங்க மாமா” என்றான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அவனையே ஒரு முறை உரக்கப் படிக்கச் சொன்னேன். பிழை இல்லை. பொய்யும் இல்லை.

கல்லில் வெட்டி முடித்துவிட்டார்களாம். நாளை பார்க்க வருகிறேன். அன்று எனக்கு வராத மஞ்சள் இப்போது என் வாயில் இருக்கிறது. அதைத் துப்பாமல் உன் எதிரில் நின்று அந்த வரியை ஒரு முறை வாசிப்பேன்.