அவன் கூரைக்கும் அதே சட்டம்

ஜிபெக்கின் அப்பாவுக்கு,

அந்தச் சிறையின் குளிரில் உங்கள் நெஞ்சுவலி கூடாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். ஜிபெக்குக்கு இருமல் விட்டது. பழுப்புக் குதிரை சினையாக இருக்கிறது. உங்கள் ஸ்பானர் பையை இப்போது நான்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கணவாய்க்கு இந்தப் பக்கம் சோலார் தகடு மாட்ட என்னை விட்டால் ஆள் இல்லை.

அதனால்தான் உங்கள் பெரியப்பா மகன் தோரொன்பெக் என்னிடமே வந்தான். ஆமாம், பெயர் சொல்லித்தான் எழுதுகிறேன். கணவனின் அண்ணன் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கமெல்லாம் மனிதர்களுக்கு. சுகாதார நிலையத்துக் கூரையில் தகடுகளைத் தாங்க மெல்லிய அலுமினியச் சட்டத்தை வாங்கிக் கொடுத்தவன் அவன். இங்கே விழும் பனிக்கு இது தாங்காது, சட்டத்தின் கால்களையாவது நெருக்கி வைப்போம் என்று நீங்கள் சொன்னபோது சிரித்தவன் அவன். சட்டம் நடுவில் வளைந்து, தகடும் பனியுமாகச் சரிந்து, வாசலில் நின்ற மருத்துவச்சி கலிச்சாவின் இடுப்பு ஒடிந்ததே, அப்போது ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ரொட்டியைக் கையில் பிடித்து, "சட்டம் நல்ல சட்டம்தான். மாட்டுனவன் கைதான் சரியில்ல" என்று சத்தியம் செய்தவனும் அவனே. அதை நம்பித்தான் பெரியவர்கள் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகப் பேசினார்கள்.

இப்போது பனிச்சறுக்குக்கு வருகிறவர்களுக்காக விடுதி கட்டியிருக்கிறான். அதன் கூரைக்குத் தகடு வேண்டுமாம். "ஏம்மா, பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத. நல்ல கனமான இரும்புச் சட்டமாப் பாத்து நீயே எடு. கால நெருக்கி வை. வாசலுக்கு மேல மட்டும் வேணாம்" என்று காதோடு காதாகச் சொன்னான். எல்லாம் தெரிந்திருக்கிறது, பாருங்கள்! சரி மாமா என்று மட்டும் சொன்னேன்.

அவன் பேரனைத் தொட்டிலில் இட்ட விருந்தில் ஊரே கூடியிருந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்: "மாமா, விடுதிக்கு எந்தச் சட்டம் எடுக்கட்டும்? சுகாதார நிலையத்துல போட்டமே, அந்த நல்ல சட்டமேவா?"

அவன் முகம் செத்துப்போனது. மம்பெத்தாலி பெரியவர்தான் வாயைத் திறந்தார். "இதுல கேக்க என்ன இருக்கு? ரொட்டியப் புடிச்சுச் சொன்ன சட்டமாச்சே. அதையே போடு." விரிப்பில் எல்லார் முன்னும் ரொட்டி இருந்தது. இரும்புச் சட்டம் என்று அவன் சொல்லியிருந்தால் பொய்ச் சத்தியம் செய்தவன் என்று அங்கேயே ஆகியிருக்கும். "ஆமா, அதையேதான்" என்று மென்று விழுங்கினான்.

மாட்டினேன். அதே சட்டம், அதே இடைவெளியில் கால்கள், அதேபோல் வாசலுக்கு மேலே. ஒவ்வொரு போல்ட்டையும் பெரியவர்கள் பார்க்கப் பார்க்க முறுக்கினேன். என் கையைக் குறை சொல்ல ஒருவருக்கும் இடம் வைக்கவில்லை. நகரத்திலிருந்து ஆள் வரவழைத்து ரகசியமாக மாற்றிவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான் போல. அதற்குள் பனி கொட்டிக் கணவாயை மூடிவிட்டது.

பனி தொடங்கியதுமே, விடுதியிலேயே குடியிருந்த அவன் மருமகளையும் கைக்குழந்தையையும் நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? குழந்தை இப்போது ஜிபெக்கின் மடியில் தூங்குகிறது.

இன்று காலை அவன் ஓடி வந்தான். "சட்டம் வளையுதும்மா. கூரை மேல ஏறத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். ஏறித் தகட்ட இறக்கிக் குடு, உனக்குப் புண்ணியமாப் போகும்." நான் நகரவில்லை. "மொதல்ல பெரியவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க மாமா. அப்புறம் ஏறுறேன்" என்றேன். போனான். மம்பெத்தாலி வீட்டில் மண்டியிட்டு, "நான் பொய்ச் சத்தியம் பண்ணேன். தம்பி மேல தப்பில்ல, சட்டம்தான் தாங்கல" என்று அழுதானாம். கணவாய் திறந்ததும் பெரியவர்களே நீதிமன்றத்துக்கு வந்து சொல்லப் போகிறார்கள். நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான்.

ஏறுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்னும் ஏறவில்லை. அவன் ஏணியைச் சாத்தி வைத்துவிட்டு, விடுதி வாசலில், சரியாகத் தகடுகளுக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். விடுதி நம் வீட்டுக்கு எதிரேதானே, ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிகிறது. சட்டம் நன்றாகவே வளைந்துவிட்டது. தள்ளி நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போதும், விட்டுவிடு என்று என் கையைப் பிடித்து நிறுத்தக்கூடியவர் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் இவன் சிறைக்கு அனுப்பிவிட்டானே.

இறைவன் உங்களைக் காக்கட்டும். சீக்கிரம் வந்துவிடுங்கள்.

உங்கள்
புபுசாரா