சாமா கூண்டில் முராய்

என் சின்னவளுக்கு,

போன மாதம் ஆண் முராயின் கூண்டு உடைந்தது. வேறு வழியில்லாமல் அந்தப் பாட்டுக்குருவியைப் பெண் சாமாக்குருவியின் கூண்டில் விட்டேன். இனம் வேறு, பாட்டும் வேறு, சேராது என்று நம்பினேன். முட்டையைப் பார்த்தபோதும் கூமுட்டை என்றே நினைத்தேன். இன்று காலை, குஞ்சு!

நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே என்னோடு குருவிக்கூண்டு மாட்டும் கதிரேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"முப்பது வருஷமா குருவி வளக்கிறேன், இப்படிப் பாத்ததே இல்ல லா!"

சுஹைபைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ நின்ற அன்று, "குருவிகூட இனம் மாறிச் சேராது" என்று கத்தியவன் நான்.

குஞ்சு வாயைத் திறந்து இரை கேட்கிறது. இரண்டும் மாறி மாறி ஊட்டுகின்றன.

உன் பிள்ளைக்கு இந்நேரம் பல் முளைத்திருக்கும். யாருடைய சாயல், சொல்லம்மா?

உன் அப்பா