ஏழாவது சுரம்

ஜூன் 4

வாலுவின் அம்மாவுக்கு,

நான் நலம். அண்ணன் வீட்டில் நீ நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபமென்றால் திட்டியாவது எழுது, படித்துக்கொள்கிறேன்.

பழுது பார்க்கக் கொடுத்தவர் திரும்பி வராத ஆர்மோனியம் ஒன்றின் வயிற்றைத் திறந்து, நம் மகளின் சுரங்களை அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ச ரி க ம பிடிக்காதென்று, வீட்டில் கேட்ட சத்தங்களையே ஏழு சுரங்களாக்கிப் பாடுவாளே: கதவு, குழாய், விசிறி, கட்டில், அலமாரி, கெட்டில், அம்மா. கதவுக்கும் குழாய்க்கும் நடுவே அரைச் சுரம்கூடத் தேறாது. குழாயிலிருந்து விசிறிக்கு ஒன்றரைச் சுரத்துக்கும் கொஞ்சம் மேல். எந்தப் பெட்டியிலும் இந்த இடைவெளி கிடையாது. காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை ரீடுகளைச் சுரண்டிச் சுரண்டி ஆறைப் பிடித்துவிட்டேன்.

ஏழாவது, படிக்கட்டின் அடியில் நின்று நீ அவளைக் கூப்பிடும் குரல். அது மட்டும் இந்த வீட்டில் இல்லை. ஒரு தடவை கூப்பிட்டு, பதிவு செய்து அனுப்பேன்.

உன்,
பெட்டிக்காரன்

ஜூன் 11

என்னங்க,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அண்ணி விசாரித்தார்.

அனுப்ப மாட்டேன். காய்ச்சல் விட்டுவிட்டதென்று நம்பி, அன்று காலை "வாலு, எழுந்து வாடி" என்று கூப்பிட்டேன். மாடியிலிருந்து பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் எடுக்கவே இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டு, இன்னொரு முறை அவள் வராமல் போவதை என்னால் தாங்க முடியாது. ஆறோடு நிறுத்திவிடுங்கள்.

வாலுவின் அம்மா

ஜூன் 19

வாலுவின் அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, நிறுத்தவில்லை. உன் குரலை ஞாபகத்திலிருந்தே பிடித்து ரீடைச் சுரண்டினேன். நேற்று மத்தியானம் ஏழையும் வரிசையாக வாசித்தேன். ஏழாவது ஓய்ந்ததும் மாடியில் கட்டில் முனகியது. "இதோ வர்றேம்மா" என்று குரல். படியில் காலடி. பாதி வரை இறங்கி, நின்றுவிட்டது.

நான் பிடித்தது உன் குரலுக்கு ஒரு மயிரிழை கீழே. அவளுக்கா தெரியாது?

எட்டிப் பார்த்தால் படியில் யாருமில்லை. ஆனால் யாரோ கால் மாற்றி மாற்றி நிற்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, உன்னிடம் என்ன மறைப்பு? நீ வந்து ஒரே ஒரு தடவை கூப்பிடு. இறங்கி வந்துவிடுவாள்.

உன்,
பெட்டிக்காரன்

ஜூன் 22

என்னங்க,

உங்களுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்கிறார் அண்ணன். நான் அப்படிச் சொல்லமாட்டேன். படிக்கட்டின் கைப்பிடியை நகத்தால் கீறிக்கொண்டு அவள் நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. குழந்தையைப் பாதி வழியில் நிறுத்தி வைத்துவிட்டீர்களே, பாவி மனுஷா!

வெள்ளிக்கிழமை வருகிறேன். பெட்டியை மூடி வையுங்கள். அவளை வா என்று கூப்பிட நான் வரவில்லை. "பரவால்ல கண்ணு, நீ போய்த் தூங்கு" என்று சொல்ல வருகிறேன். எழுப்பித்தான் எனக்குப் பழக்கம். இதை எந்தச் சுரத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை. பாதியில் என் குரல் உடைந்தால் மீதியை நீங்கள் சொல்லிவிடுங்கள்.

வாலுவின் அம்மா