மடியில் கனம்

ஜனவரி 8
எலும்பு டாக்டரைப் பார்த்தேன். வலது முழங்கையில் எலுமிச்சை அளவு வீக்கம். இடது கணுக்காலின் வெளிப்பக்கம் அதன் தம்பி. எலும்புக்கு மேல் இருக்கும் நீர்ப்பை வீங்கியிருக்கிறதாம். வருஷக்கணக்காகத் தரையில் சம்மணம் போட்டு, முழங்கையை ஊன்றிப் பேப்பர் படித்ததற்குக் கூலி. "கத்தியெல்லாம் வேண்டாம் சார். நீரை எடுத்துட்டு ஊசி போட்டுடலாம். ஆனா அது ஸ்டீராய்டு, சுகர் ஏறும். முதல்ல சுகரைக் குறைச்சுட்டு வாங்க."

பிப்ரவரி பத்தாம் தேதி என் பெண் ஜெயஸ்ரீ கல்யாணம். நெல் மூட்டைமேல் நான் காலை மடக்கி உட்கார, பெண் என் மடியில் உட்கார, மாப்பிள்ளை தாலி கட்ட வேண்டும். இந்தக் காலை வைத்துக்கொண்டா?

ஜனவரி 11
கூடாரவல்லி. வெல்லமும் நெய்யும் சொட்டும் அக்காரவடிசல் ஒரு கரண்டி. சரி, மூன்று.

ஜனவரி 13
சுகர் எகிறிவிட்டது. ஊசி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். மயிலாப்பூர் வந்து சேரும்வரை ஆட்டோவில் என் மனைவி வைதேகி மூன்று விரலை மடக்கி மடக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 19
சம்பந்தி போனில், "உங்க தம்பி பரத்வாஜ் மடில வெச்சுண்டா போச்சு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரத்வாஜா அவளை எல்.கே.ஜி.க்குத் தூக்கிண்டு போனான்? அழுதா அவனா தோள்ல போட்டுண்டான்? விடமாட்டேன்.

ஜனவரி 28
சுகர் இறங்கியது. ஊசி போட்டாச்சு. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே முழங்கையிலிருந்து மஞ்சள் நீரை உறிஞ்சி எடுத்து, அதே இடத்தில் மருந்து. அடுத்து கணுக்கால் — அம்மாடி! "தரையில உக்காரவே கூடாது சார். முழங்கையை எதுமேலயும் ஊனாதீங்க." தலையாட்டினேன்.

பிப்ரவரி 4
வலி பாதி போய்விட்டது. ஆனால் கனம் தாங்குமா? எப்படித் தெரிந்துகொள்வது? வைதேகி கேசவப் பெருமாள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அரிசி மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணுக்காலில் சுரீர். எழுந்திருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெயஸ்ரீ ஆபீஸிலிருந்து வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"அந்த அரிசி நானாப்பா?"

மூட்டையை இறக்கி, என்னைத் தூக்கிவிட்டாள். "சித்தப்பாவே உக்காரட்டுமேப்பா."

"மாட்டேன்" என்றேன். அவள் குனிந்து என் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

பிப்ரவரி 7
மறுபடி லேசாக வீக்கம். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10
உட்கார்ந்தேன்! கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது. கனமே தெரியவில்லை. கணுக்கால் முணுக்கென்றுகூடச் சொல்லவில்லை. ஊசியின் மகிமையை வைதேகியிடம் சொல்லிச் சொல்லி அலுக்கவைத்தேன். பரத்வாஜிடம் இரண்டு தடவை.

பிப்ரவரி 12
வேளச்சேரியிலிருந்து மாப்பிள்ளை போன். "ஜெயஸ்ரீக்குத் தொடை ரெண்டும் பிடிச்சுண்டுடுத்து மாமா. மாடி ஏற முடியல. ஏன்னு கேட்டா சிரிக்கறா."

அப்படியென்றால் — கூரைப்புடவைக்குள் யாருக்கும் தெரியாமல், காலை ஊன்றி, கனத்தைத் தானே தாங்கிக்கொண்டு, தாலி ஏறும்வரை... என் மடியில் அவள் உட்காரவே இல்லை.

போனை அவள் வாங்கினாள். "கால் எப்படிப்பா இருக்கு?"

"ஊசி நன்னா வேலை செஞ்சுதுடி."

"எனக்குத் தெரியுமேப்பா!"

பேப்பரை நாற்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை.